அந்தத் தவணையில் வாங்கிய டி

இந்த நாட்டில் யாரும் யாரிடமும் சோதனையில் எத்தனை புள்ளி என்று கேட்பதில்லை. ரொறன்ரோவில் கம்பஸுக்குப் போகத் தொடங்கிய முதல் வருடம் என்னைப் பனியைவிட அதிகம் தடுமாற வைத்தது இதுதான். திருத்திய விடைத்தாள்களைப் பேராசிரியர் ஒவ்வொரு மேசையிலும் கவிழ்த்து வைத்துக்கொண்டே போவார். இறுதிப் புள்ளிகள் அவருடைய அறைக் கதவில் ஒட்டப்படும். பெயர் இருக்காது, மாணவர் இலக்கம் மட்டும் இருக்கும். ஒருநாள் ஆய்வுகூடத்தில் எனக்குப் பக்கத்தில் நின்றவளிடம், "உங்களுக்கு எத்தனை?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டேன். அவள் முகம் சிவந்துவிட்டது. "அது என் சொந்த விஷயம்" என்று சிரிக்காமல் சொன்னாள். ஏதோ அவளுடைய உள்ளாடையின் அளவைக் கேட்டுவிட்டவள் போல நான் கூசிப்போய் நின்றேன்.

யாழ்ப்பாணத்தில் புள்ளி ஊருக்குப் பொது. ஏ.எல். சோதனைப் பெறுபேறு வந்த அன்று சைக்கிளில் போனவர்கள்கூடக் காலை ஊன்றி நின்று, "பிள்ளைக்கு என்னவாம்?" என்று படலைக்கு வெளியே இருந்து கேட்டார்கள். அதை யாரும் தவறாக எடுத்ததில்லை. தவறு வேறிடத்தில் இருந்தது. நீ எந்த மாவட்டத்தில் இருந்து சோதனை எழுதினாய் என்று பார்த்து வெட்டுப்புள்ளி ஏறும், இறங்கும். நான் எடுத்த புள்ளி வேறொரு மாவட்டத்தில் என்னைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுபோய் விட்டிருக்கும். யாழ்ப்பாணத்தில் அது வாசலோடு நின்றுவிட்டது. அதனால்தான் இங்கே கதவில் ஒட்டியிருந்த அந்தப் பெயரில்லாத தாளைப் பார்க்கப் பார்க்க, முதலில் வந்த கூச்சம் போய் ஒரு மரியாதை வந்தது. ஆரென்று தெரியாது, எந்த ஊரென்று தெரியாது. இலக்கமும் புள்ளியும் மட்டும். இதுவல்லவோ நீதி என்று நினைத்தேன். இரண்டு வருடம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் படித்தது இரசாயனம். அந்தப் படிப்புக்குள் கோ-ஒப் என்றொரு பிரிவு இருந்தது. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: நான்கு மாதம் படிப்பு, அடுத்த நான்கு மாதம் ஏதாவதொரு கொம்பனியில் சம்பளத்தோடு பயிற்சி வேலை, பிறகு மறுபடி படிப்பு. இங்கே என்னைப்போல வந்தவர்களுக்கு அதன் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை. "கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிறதா?" என்று எங்கள் எல்லாரிடமும் கேட்டிருக்கிறார்கள். அனுபவம் இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் அனுபவம் இல்லை. டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்ற் கட்டடத்திலேயே, பொறியியலாளராக வந்து பெற்றோல் ஷெட்டில் காசு வாங்கிப்போட்டுக்கொண்டிருந்த அண்ணைமாரை எனக்குத் தெரியும். அந்தப் பூட்டுக்கு எனக்குத் தெரிந்த ஒரே திறப்பு கோ-ஒப்தான். அதில் இடம் கிடைத்த அன்று அம்மா கேசரி கிண்டி, எங்கள் மாடியில் இருந்த தமிழ் வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரேயொரு நிபந்தனை. சராசரி 'பி'க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் உங்கள் விண்ணப்பத்தைக் கோ-ஒப் அலுவலகம் எந்தக் கொம்பனிக்கும் அனுப்பாது.

அம்மாவும் நானும் முதலில் வந்தவர்கள். அப்பா மூன்று வருடம் பிந்தி, எத்தனையோ நாடுகளில் தங்கித் தங்கி வந்து சேர்ந்தார். ஊரை விட்டு வெளிக்கிடும் முன் அவரை ஒரு இராணுவ முகாமில் தடுத்து வைத்திருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அங்கே என்ன நடந்தது என்பது தெரியாது. அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. என்னுடைய இரண்டாம் வருடத்துப் பனிக்காலத் தவணையில்தான் அவருடைய அகதி வழக்கு விசாரணைக்கு வந்தது. விசாரணை நாளுக்கு அரசாங்கம் மொழிபெயர்ப்பாளர் தரும். அதற்கு முன்பு லோயரிடம் போய் வாக்குமூலம் தயாரிக்கிற வேலைக்கு வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் வரவேண்டும். எங்கள் வீட்டில் அது நான்.

லோயர் நல்ல மனிதர். ஆனால் அவருக்கு விவரம் வேண்டும். "எதனால் அடித்தார்கள் என்று கேளுங்கள்" என்றார்.

"அப்பா, என்னத்தாலை அடிச்சவங்கள் எண்டு கேக்கிறார்."

அப்பா யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பிளாஸ்ரிக் பைப்பாலை. உள்ளுக்கு மண் அடைஞ்சு வைச்சிருந்தவங்கள்."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். லோயர் எழுதிக்கொண்டே, "எனி மார்க்ஸ்?" என்று கேட்டார். ஒரு கணம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவுடைய வழக்குக்குள் புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்று விழித்தேன். தழும்பைத்தான் அவர் கேட்கிறார் என்பது பிறகுதான் உறைத்தது. அப்பாவிடம் கேட்டேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். "அது ஊமைக்காயம், பிள்ளை. வெளியிலை தெரியாது." ஊமைக்காயத்துக்கு எனக்கு ஆங்கிலம் தெரியவில்லை. இருந்த சொற்களை வைத்து இழுத்து இழுத்துச் சொன்னேன். லோயர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் இரக்கம் இருந்தது. வெளியே பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது அப்பா, "உதைக் கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை" என்றார். அந்தப் பனிக்காலம் முழுக்க நாங்கள் இருவரும் அப்படிப் போய்ப் போய் வந்தோம். நான் விரிவுரைக்குப் போனேன். ஆனால் கரும்பலகையில் பென்சீன் வளையத்தை வரையும்போதெல்லாம் எனக்கு அந்த யன்னல்தான் தெரிந்தது. விசாரணை, சேதன இரசாயனச் சோதனைக்கு முதல் நாள் நடந்தது. மற்றப் பாடங்களில் தப்பிவிட்டேன். அந்த ஒன்றில் எனக்கு டி. சராசரி 'பி'யில் இருந்து கொஞ்சம், மிகக் கொஞ்சம், வழுக்கி விழுந்தது.

கோ-ஒப் அலுவலகத்துப் பெண்ணை மார்லீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரும் நல்லவர்தான். இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. இன்றைக்கும் எனக்குக் கோபம் தணியாததற்கு அதுவும் ஒரு காரணம். மார்லீன் என்னை உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார். "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?"

"இல்லை" என்றேன். "வீட்டில் எல்லாரும் சுகம்."

ஒரு அந்நிய மனுஷி, முதல்முறை சந்திக்கிறவர், உங்கள் வீட்டைப் பற்றிக் கேட்டால் வேறென்ன சொல்வீர்கள்? நாங்கள் அப்படித்தான் வளர்க்கப்பட்டோம். பகிடி என்னவென்றால், அந்தக் கேள்வியை மார்லீன் எனக்காகத் திறந்து வைத்த கதவாக நினைத்திருக்கிறார். நான் அதை என் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிற யன்னலாக நினைத்து இழுத்துச் சாத்தினேன். அவர் பெருமூச்சு விட்டார். "அப்படியென்றால் என்னால் எதுவும் செய்ய இயலாது. விதி எல்லாருக்கும் ஒன்றுதான்" என்றார்.

எல்லாருக்கும் ஒன்று. அந்தச் சொல்லோடு வெளியே வந்தபோது பிரையனைக் கண்டேன். ஆய்வுகூடத்தில் என் கூட்டாளி, இங்கேயே பிறந்தவன், கலகலப்பானவன். ஸ்காபரோவில் ஒரு பெயின்ற் கொம்பனியில் பயிற்சி வேலைக்கு நானும் அவனும் விண்ணப்பிப்பதாக இருந்தோம். நடந்ததைச் சொன்னேன். அவன் திகைத்துப்போனான்.

"ஏன் நீ அந்தப் பாடத்தை ட்ரொப் பண்ணவில்லை?"

"என்ன பண்ணவில்லை?"

"ட்ரொப். நான் மாசி மாதமே விட்டுவிட்டேனே. இடைச் சோதனையில் எனக்கு முப்பத்தெட்டு. அப்பா ரெலிபோனில் கோல் எடுத்து, உடனே அதைத் தூக்கி எறி, கோடையில் ஆறுதலாக எடு என்றார். அண்ணனும் அப்படித்தான் செய்தவன்."

அதே இடைச் சோதனையில் எனக்கு ஐம்பத்தொன்பது.

ஒருமுறை நிறுத்தி இதை யோசித்துப் பாருங்கள். அந்தப் பாடத்தில் அவனுக்கு என்னைவிடக் குறைவாகத்தான் தெரியும். ஆனால் அவனுடைய சராசரியில் ஒரு கீறல் இல்லை. அவன் விண்ணப்பம் போகிறது, என்னுடையது போகவில்லை. பாடத்தைக் கைவிடலாம் என்ற விதி கையேட்டில் இருந்ததுதான். நானும் அந்த வரியை வாசித்திருந்தேன். 'வித்ட்ரோ' என்ற சொல்லை, கம்பஸில் இருந்து விலக்குவது என்று விளங்கிக்கொண்டு பக்கத்தைப் புரட்டியிருந்தேன். எடுத்த பாடத்தைப் பாதியில் விடுவது எங்கள் வீடுகளில் தோல்வியைவிடப் பெரிய மானக்கேடு. காய்ச்சலோடு போய் எழுதுவோம், ஷெல் விழுகிற சத்தத்துக்குள் இருந்து எழுதுவோம், எழுதாமல் மட்டும் விடமாட்டோம். அந்த வைராக்கியத்துக்குத்தான் இங்கே எனக்கு டி போட்டார்கள். சராசரி என்று சொல்லிக் கொம்பனிகளுக்கு அனுப்புகிறார்களே, அது ஒருவருக்கு இரசாயனம் எவ்வளவு தெரியும் என்பதையா அளக்கிறது? சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எப்போது ஓட வேண்டும் என்று சொல்லித்தர ஒரு தகப்பன் இருந்தாரா என்பதையும் சேர்த்துத்தானே அளக்கிறது? ஊரில் வெட்டுப்புள்ளி மாவட்டத்தைப் பார்த்தது. அதை அநியாயம் என்று வீதியில் நின்று கத்தலாம். இங்கே அது வீட்டைப் பார்க்கிறது, ஆனால் பார்க்கவில்லை என்கிறது. யாரைப் பார்த்துக் கத்துவது?

பிரையன்தான் இன்னொரு வழியும் சொன்னான். மனுக் கொடுக்கலாம். பிந்தியானாலும் அந்தப் பாடத்தைக் கைவிட்டதாகக் கணக்கெடுக்கச் சொல்லிக் கேட்கலாம். அதற்கான அலுவலகத்தில் விசாரித்தேன். காரணம் வேண்டும், காரணத்துக்கு ஆதாரம் வேண்டும், ஒரு குழு அதை வாசித்து முடிவெடுக்கும் என்றார்கள். என்னிடம் இருந்த ஆதாரம் அப்பாவுடைய வாக்குமூலம்.

அப்பா பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஆர் வாசிப்பினம்?"

"கொமிற்றியிலை இருக்கிறவை. நாலைஞ்சு பேர் வரும்."

"அவைக்கு உது என்னத்துக்கு?"

"எனக்கு ஏன் டி வந்தது எண்டு காட்ட."

அவர் கையிலிருந்த சட்டையை உதறி, கொடியில் போட்டு, சுருக்கத்தை நீவிவிட்டார். "லோயருக்குச் சொன்னன். விசாரிச்ச மனுசிக்குச் சொன்னன். இஞ்சை இருக்கிறதெண்டால் சொல்லத்தானே வேணும். இனி உன்ரை மார்க்குக்கும் சொல்ல வேணுமோ?" அடுத்த சட்டையைக் கையில் எடுத்தார். பிறகு, "இல்லை, உனக்கு உதவுமெண்டால் குடு, பிள்ளை. நான் மறிக்கேல்லை" என்றார்.

நான் கொடுக்கவில்லை. பெரிய தியாகம் என்று நினைத்துச் செய்ததல்ல. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம்தான். பிரையன் பாடத்தை விட்டபோது அவனிடம் யாரும் காரணம் கேட்கவில்லை. தேதிக்குள் ஒரு கையெழுத்துப் போட்டான், முடிந்தது. நான் மட்டும் என் தகப்பனுடைய முதுகைத் திறந்து முன்பின் தெரியாத ஐந்து பேருக்குக் காட்டி, ஓர் எழுத்தைத் திருத்தித் தாருங்கள் என்று இரக்க வேண்டுமா? கோடையில் அப்பாவுடைய வழக்கின் முடிவு வந்தது. அவர் சொன்னது நம்பத்தக்கது என்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள். "நான் பாஸ், பிள்ளை!" என்று சத்தமாகச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்புப் பாதியில் நின்றுவிட்டது. அது மட்டும் நடந்திருக்க வேண்டாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அதே கோடையில் அந்தப் பாடத்தைத் திரும்ப எடுத்தேன். ஏ வந்தது. ஆனால் எங்கள் கம்பஸில் பழையதும் புதியதும் இரண்டும் சராசரியில் சேரும். அப்படிச் சேர்த்தும் அது 'பி'யை எட்டவில்லை. ஆகவே கோ-ஒப்பில் இருந்து என்னை எடுத்துவிட்டார்கள். பயிற்சி வேலை தேடி நானாகக் கொம்பனிகளுக்கு எழுதினேன். ஓரிடத்தில் இருந்து ஒருவர் கோல் எடுத்து, "உங்கள் விண்ணப்பத்தைக் கோப்பில் வைத்திருப்போம்" என்றார். இங்கே அது நாசூக்கான மறுப்பு. எங்களுக்கோ வாக்குக் கொடுத்தது போலக் கேட்டது. "அவளின்ரை பைலை எடுத்துப் பத்திரமா வைச்சிருக்கினமாம்" என்று அம்மா பக்கத்து வீட்டு அன்ரிக்குச் சொன்னார். அந்தக் கோலை எதிர்பார்த்து நாங்கள் பல கிழமைகள் ரெலிபோனை வீணாகப் பாவிக்காமல் இருந்தோம். படிப்பு முடிந்தபோது என் வகுப்பில் கோ-ஒப் செய்தவர்கள் நேரே வேலைக்குப் போனார்கள். நான் இரண்டு வருடம் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் போத்தல் மூடிகளைப் பெட்டியில் அடுக்கினேன். கையில் இரசாயனப் பட்டம் இருந்தது. அங்கேயே தரம் பார்க்கிற அறையில் ஒருத்தி பிரசவ லீவில் போனபோதுதான் எனக்கு உள்ளே போக வழி கிடைத்தது. அந்தக் கொஞ்ச அனுபவத்தை வைத்து, பிக்கரிங் பக்கத்தில் பசைகளைப் பரிசோதிக்கிற ஓர் ஆய்வுகூடத்தில் சேர்ந்தேன். இன்றுவரை அங்கேதான்.

இத்தனை காலமும் மனதுக்குள் கிடந்ததை இப்போது எழுதக் காரணம், சென்ற மாதம் நடந்த ஒன்று. எங்கள் ஆய்வுகூடத்துக்குக் கோ-ஒப் மாணவர்கள் இருவரை எடுக்க வேண்டும். இப்போது சில கம்பஸ்கள் சராசரி பார்க்காமல் எல்லா விண்ணப்பத்தையும் அனுப்பிவிடுகின்றன. என் மனேஜர் டக் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். விண்ணப்பக் கட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டே, "முதலில் 'பி'க்குக் கீழே உள்ளதையெல்லாம் எடுத்துவிடுவோம். அதுதான் எல்லாருக்கும் நியாயம்" என்றார்.

"நியாயமில்லை" என்றேன். என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது.

டக் நிமிர்ந்து பார்த்தார். பாடங்களைக் கைவிடுவது பற்றி, எங்களைப் போன்றவர்களுக்கு அதை யாரும் சொல்லித்தருவதில்லை என்பது பற்றிச் சொன்னேன். ஐம்பத்தொன்பது எடுத்தவள் வெளியே நிற்க, முப்பத்தெட்டு எடுத்தவன் உள்ளே போனதைச் சொன்னேன். அப்பாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. டக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் மகளுக்கு இரண்டு பாடத்தை விடச் சொன்னதே நான்தான்" என்றார். பிறகு கீழே தள்ளிவைத்த கட்டை என் பக்கம் நகர்த்தினார். "சரி, இதை நீங்கள் வாசியுங்கள்."

வாசித்தேன். வடக்கே ஒரு சுரங்க ஊரில் இருந்து வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, கெல்லி. எல்லாத் தவணையும் ஒழுங்காக இருக்க, ஒரேயொரு தவணை மட்டும் இடிந்து விழுந்திருந்தது. விழுந்த பாடங்களை அவள் திரும்ப எடுத்திருந்தாள். நேர்முகத்துக்கு அழைத்தோம். டக் கெட்ட எண்ணமில்லாமல் அந்தத் தவணையில் விரலை வைத்தார். "இங்கே என்ன நடந்தது?"

"ஒன்றுமில்லை" என்றாள் கெல்லி. "எல்லாம் நன்றாகத்தான் இருந்தது."

இங்கேயே பிறந்தவள், இந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவள், நான் சொன்ன அதே பொய்யைச் சொல்கிறாள். "அதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை" என்று நான் குறுக்கிட்டேன். "திரும்ப எடுத்தபோது, முதல்முறை விளங்காத எது விளங்கியது என்று சொல்லுங்கள்." அவள் சற்று யோசித்தாள். பிறகு பேசத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. எழுந்து பலகையில் வரைந்தும் காட்டினாள். அவளை எடுத்தோம். மற்ற இடத்தைப் பெரிய சராசரி உள்ள ஒரு சீனப் பையனுக்குக் கொடுத்தோம், அவனும் தகுதியானவன்தான்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். போன சனிக்கிழமை வோபர்னில் தமிழ்க் கடைக்குப் போனபோது, கோயிலில் பழக்கமான ஓர் அன்ரி முருங்கைக்காய்த் தட்டுக்குப் பக்கத்தில் என்னை மறித்தா. நேர்முகத்துக்கு வந்தவர்களில் அவவின் மகனும் ஒருவன். நல்ல பெடியன், நல்ல புள்ளி. ஆனால் கேட்ட எதற்கும் அவனால் மனப்பாடத்துக்கு வெளியே பதில் சொல்ல முடியவில்லை.

"பிள்ளை, எங்கட பெடியனுக்கு எல்லாம் ஏ. நீ அவனை விட்டிட்டு ஆரோ சி எடுத்த வெள்ளைக்காரியை எடுத்தனியாம். உது ஞாயமோ?"

கடையில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "நாங்கள் புள்ளியை மட்டும் பாத்து எடுக்கிறேல்லை, அன்ரி" என்றேன்.

"நாங்களோ?" என்றா அன்ரி. "ஆர் பிள்ளை, உந்த நாங்கள்?"

பதிலை எதிர்பாராமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டா. தமிழில் நாம் என்றால் கேட்கிறவரும் உள்ளே இருப்பார். நாங்கள் என்றால் கேட்கிறவர் வெளியே நிற்பார். அந்தக் கடையில் நான் சொன்ன நாங்களுக்குள் டக் இருந்தார், அன்ரி இல்லை. ஆனால் டக்கின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, "எங்களைப் போன்றவர்களுக்கு அதை யாரும் சொல்லித்தருவதில்லை" என்று நான் ஆங்கிலத்தில் கொதித்த அன்று, அந்த எங்களுக்குள் அப்பா இருந்தார், இந்த அன்ரியும் இருந்தா, அவவின் மகன்கூட இருந்தான், டக் இல்லை. முருங்கைக்காய்களில் நல்லதாகப் பார்த்து நாலு எடுத்துக்கொண்டு காசு கொடுக்கிற வரிசையில் நின்றேன். இரண்டு நாங்களையும் ஒரே அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தால், இரண்டு பக்கத்துக்கும் கதிரை போட வேண்டிய ஆள் நான் ஒருத்திதான்.